நாட்காட்டியின் காவலில்

விரையொன்றில் தோன்றிய புற்றுக்கட்டியைத் தொடையிடுக்கின் மேற்புறத்தில் கீறி விரையோடு எடுத்துவிட்டு, வயிற்றிலும் மார்பிலும் நோயின் சாயல் எதுவும் ஸ்கேனில் தென்படவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, ரத்தத்தில் ஏறியிருந்த குறிகள் இயல்பான அளவுக்கு இறங்கும் வரையில் பொறுத்திருந்து, அதன் பிறகு அந்த இளைஞனை எதிரே உட்காரவைத்து, “இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம், குறித்த நாள்களில் தவறாமல் வந்து போங்கள்” என்று சொல்லியனுப்புகிற வழக்கம் இன்று மேனாட்டு மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டது. புற்று என்ற சொல்லைக் கேட்டு மூன்று நான்கு வாரங்கூட ஆகாத ஒருவன் செவியில், மருந்து வேண்டாம் என்ற சொல் ஆறுதலாகவும் விழலாம், கைவிடப்பட்டதாகவும் விழலாம். மருத்துவர்கள் இதைக் கண்காணிப்பு என்கிறார்கள்.

இதை நல்ல வழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும், இதைப் பாராட்டுவோர் முன்வைக்கும் பிரமாணம் பெரும்பாலும் பொருத்தமற்றது என்றும், இதன் உண்மையான பலவீனத்தை ஸ்கேன் இயந்திரத்திலோ ரத்தப் பரிசோதனையிலோ தேடுவதைவிட, நோயாளியும் மருத்துவமனையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கில் தேடுவதே முறை என்றும் தோன்றுகிறது.

வழக்கம் பிறந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் பலம், பலவீனம் இரண்டும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. 1970-களின் நடுப்பகுதி வரையில், விரையை விட்டு உடலுக்குள் பரவிய புற்றிலிருந்து பிழைத்தெழுந்தவர்கள் சொற்பம். ஆகவே, பரவியிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரிலேயே எல்லோருக்கும் ஏதாவதொரு கடுஞ்சிகிச்சை செய்துவிடுவது விவேகமாகத் தோன்றிற்று. பிரிட்டனில் முதுகெலும்பின் முன்புறமுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வயிற்றைப் பிளந்து அந்தக் கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்தார்கள். அந்தப் பெரிய அறுவையில் மெல்லிய நரம்புகள் அறுபட்டு, விந்து வெளிப்படும் சக்தியையே இழந்த இளைஞர் பலர். எடுத்த கணுக்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலோரிடத்தில் புற்று இருந்ததே இல்லை! இந்த நிலையை மாற்றியது ஓர் உலோகம். மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் 1965-இல் பிளாட்டினக் கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய்ச்சியபோது நுண்ணுயிர்கள் பிளவுபட்டுப் பெருகாமல் நின்றதைக் கண்டார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை, இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-இல் வேறு இரு மருந்துகளோடு சேர்த்து விரைப்புற்று நோயாளிகளுக்குச் செலுத்தினார். நுரையீரல் முழுவதும் கட்டிகள் மண்டியிருந்தவர்கள்கூட எழுந்து நடமாடினார்கள். கடைசிக் கோட்டை இப்படி உறுதிப்பட்ட பிறகே முன்வாசலைத் திறந்துவைக்கும் துணிவு ஒருவருக்கு வந்தது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் மைக்கேல் பீக்கம் 1979 முதல், முதல் நிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பிறகு எதுவும் செய்யாமல் கூர்ந்து கவனித்து வரலானார். 1982-இல் அந்த அநுபவத்தை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். நோய் திரும்பினாலும் அப்போது குணப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அது விஷப்பரீட்சையாக இருந்திருக்கும். கண்காணிப்பு என்பது, ஆகவே, தன் காலில் தானே நிற்கும் முறையாகாது; பின்னால் ஒரு வல்ல மருந்து காத்து நிற்கிறது என்ற ஒன்றையே அது ஊன்றி நிற்கிறது.

இனி, அது நடைபெறும் விதம். கரு வளரும்போது விரைகள் சிறுநீரகங்களுக்கு அருகிலே தோன்றி, பிறகுதான் கீழே இறங்கிப் பைக்குள் சேருகின்றன. இறங்கினாலும் பிறந்த வீட்டின் தொடர்பு விடுவதில்லை. ரத்தக் குழாய்களும் நிணநீர்ப் பாதைகளும் பழைய இடத்துக்கே திரும்பிச் செல்கின்றன. கட்டி கீழே இருந்திருக்க, அதன் எச்சத்தை மருத்துவர் வயிற்றின் ஆழத்தில், சிறுநீரகத்தின் அருகே தேடுவது இதனாலேதான். இன்னொரு விந்தையும் உண்டு. உயிரணுவை ஆக்கும் விதைத்திசுவில் பிறந்த புற்றாதலால், அது சிசுவின் பாஷையைப் பேசுகிறது. கருவின் ஈரலும் கருப்பையின் நச்சுக்கொடியும் சுரக்கவேண்டிய பொருள்களை, வளர்ந்த ஆண்மகனின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பது ஒன்று; கர்ப்பத்தை அறிவிக்கிற எச்.சி.ஜி. மற்றொன்று. முன்னது ஐந்து முதல் ஏழு நாள்களிலும், பின்னது ஒன்று ஒன்றரை நாளிலும் பாதியாகக் குறையவேண்டும் என்பது கணக்கு. விரையை எடுத்த பின்னும் இந்தக் கணக்குப்படி இறங்காமல் நின்றால், எங்கோ ஒரு வேர் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அத்தகையவனைக் கண்காணிப்பில் வைப்பது தகாது.

விரைப்புற்றை மருத்துவர்கள் செமினோமா என்றும், செமினோமா அல்லாதது என்றும் இரண்டாகப் பிரிப்பார்கள். பின்னது வேகமாகத் திரும்புவது. திரும்பும்போது பெரும்பாலும் ரத்தத்தில் ஓசை எழுப்பி அறிவிப்பது. அதனால்தான் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் முதலாண்டில் மாதந்தோறும், இரண்டாமாண்டில் இரண்டு மாதத்துக்கொருமுறை என்று ரத்தம் எடுத்தார்கள். செமினோமாவோ மெதுவாகத் திரும்புவது, ஊமை. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனை அது சுரப்பதே இல்லை, எச்.சி.ஜி.யையும் சிலரிடத்தில்தான் காட்டும். அதைப் பார்க்கும் கண் ஸ்கேன் ஒன்றே.

பலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கண்காணிப்பில் இருப்போரில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்ற எண்ணையே முதலில் நீட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால், அறுவைக்குப் பின் உடனே மருந்து பெற்றவர்களும் அதே அளவில்தான் பிழைக்கிறார்கள். எல்லாப் பாதைகளும் ஒரே ஊரில் கொண்டு சேர்க்கும்போது, ஊர் சேர்ந்ததைக் காட்டி ஒரு பாதையை மெச்சுவது எப்படிப் பொருந்தும்? பாதையில் யார் எவ்வளவு சுமந்தார்கள் என்பதல்லவா கேள்வி?

அந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்போம். செமினோமா அல்லாத நோயாளிகளில், கட்டியணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைந்ததாக நோய்க்கூறு மருத்துவர் கண்டிராதவர்கள் நூறுபேரைக் கண்காணித்தால், சுமார் பதினைந்து பேருக்கு நோய் திரும்பும். அவர்களுக்கு பிளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த மருந்து, மும்மூன்று வாரமாக மூன்று சுற்று. மொத்தம் நாற்பத்தைந்து சுற்று. மாறாக, அந்த நூறுபேருக்கும் முன்னெச்சரிக்கையாக ஒரு சுற்று கொடுத்தால் மொத்தம் நூறு சுற்று. கண்காணிப்பில் எண்பத்தைந்து இளைஞர்கள், காதில் ஓயாத இரைச்சலும் விரல் நுனிகளில் மரப்பும் சிறுநீரகத்துக்குச் சேதமும் உண்டாக்கக்கூடிய அந்த மருந்தை வாழ்நாளில் தொடாமலே தப்பிவிடுகிறார்கள். இதைவிடத் தெளிவான நியாயம் வேண்டியதில்லை.

குழாய்க்குள் அணுக்கள் நுழைந்துவிட்ட நூறுபேரை எடுத்துக்கொள்ளும்போது கணக்கு புரண்டுவிடுகிறது. இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பும். ஐம்பது பேருக்கு மூன்று சுற்று என்றால் நூற்றைம்பது. எல்லோருக்கும் ஒன்று என்றாலோ நூறு. அதன் பிறகும் நோய் திரும்புகிறவர்கள் இருவர் மூவர்தான். மருந்தின் மொத்தச் சுமையைப் பார்த்தால் இங்கே கண்காணிப்பு தோற்றுப்போகிறது. அப்படியும் அதைக் கைவிடாதவர்கள் பலர். அவர்கள் தரப்பிலும் ஒரு நேர்மை இருக்கிறது: தேவையே இல்லாத ஐம்பது பேருக்கு விஷமருந்தைக் கொடுப்பது, மற்ற ஐம்பது பேரின் நன்மைக்காக முன்பின் அறியாதவர்களைத் தண்டிப்பது போலாகும் என்கிறார்கள். எதிர்த்தரப்பிலும் நேர்மை உண்டு: ஒரு சுற்றின் கேடு அற்பம், மூன்று சுற்றின் கேடு ஆயுள் முழுவதும் தொடரக்கூடியது என்கிறார்கள். நாற்பது வருஷங்களாகத் தீராத இந்த வழக்கைத் தீர்க்க இன்னொரு புள்ளிவிவரம் வந்து உதவாது என்பது என் அபிப்பிராயம். முன்கூட்டியே கொஞ்சம் வருந்தித் தொலைப்பதா, வராமலே போகலாம் என்ற பாதி நம்பிக்கையோடு இருப்பதா என்பது மனிதனுக்கு மனிதன் மாறும் விஷயம். பரிவோடு விளக்கிச் சொல்லிவிட்டு அவன் வாயிலிருந்தே விடையைப் பெறவேண்டும். விளக்கிச் சொல்லாமலே, எங்கள் மருத்துவமனை வழக்கம் இது என்று ஒரு பாதையில் தள்ளிவிடுவது, எந்தப் பாதையானாலும் குற்றமே. செமினோமாவில் இந்த இக்கட்டு அவ்வளவு இல்லை. திரும்புவது நூற்றுக்குப் பதினைந்து இருபது. கார்போபிளாட்டின் ஒரு முறை செலுத்தினால் அது ஐந்தளவுக்குக் குறையும். எண்பது பேருக்கு வீணாக மருந்திடுவதைவிடக் காத்திருப்பதே மேல் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

குறைகளில் முதலாவது, காவலே காயப்படுத்துவது. வயிற்றுக்கும் இடுப்புக்கும் எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன், நாம் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஓராண்டில் பெறும் கதிர்வீச்சைப்போல மூன்று நான்கு மடங்கைக் கொடுத்துவிடுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையிலிருந்து இளைஞனைக் காப்பாற்றியதாகப் பெருமை கொண்ட முறை, பத்துப் பன்னிரண்டு ஸ்கேன்களின் வழியாக அதே தீங்கின் ஒரு பங்கைத் தவணை முறையில் ஊட்டி வந்தது. இந்த வழக்கத்தைப் பற்றி எனக்குள்ள மதிப்புக்கு ஒரு முக்கிய காரணம், தன் குறையைத் தானே சோதித்துத் திருத்திக்கொண்டது என்பதே. செமினோமா அல்லாத 414 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மூன்றாம், பன்னிரண்டாம் மாதங்களில் இரண்டே ஸ்கேனும், மறு கூறுக்கு ஐந்து ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தது. ரத்தப் பரிசோதனை துணையிருக்க, இரண்டே போதும் என்று தெரிந்தது. பிறகு செமினோமா நோயாளிகள் 669 பேரிடம், ஏழு ஸ்கேனா மூன்று ஸ்கேனா, சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்ட டிரிஸ்ட் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. காந்தப்புலத்தால் படமெடுப்பதும் கதிர்வீச்சே இல்லாததுமான எம்.ஆர்.ஐ., சி.டி.க்கு எவ்விதத்திலும் இளைத்ததில்லை என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. இது தயக்கமின்றி மகிழத்தக்க செய்தி.

மூன்றா ஏழா என்ற மற்றக் கேள்வியின் விடையைத்தான் நான் நின்று வாசிக்க விரும்புகிறேன். வயிற்றுக் கணு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தோ, அதையும் கடந்து பரவியோ நோய் திரும்பியவர்கள், ஏழு ஸ்கேன் எடுத்த கூறில் ஒருவர். ஆறாம், பதினெட்டாம், முப்பத்தாறாம் மாதங்களில் மூன்றே எடுத்த கூறில் ஒன்பது பேர். நோயால் இறந்தவர் எந்தக் கூறிலும் இல்லை. வேறுபாடு முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் அடங்கியதால், மூன்று போதும் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டினார்கள். அவர்கள் கணிதத்தில் பிழையில்லை. ஆயினும் ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள எட்டு மனிதர்களை எல்லை என்ற சொல்லுக்குள் மறைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பது பேரில் நால்வரின் நோயை, ஏழு ஸ்கேன் அட்டவணை முன்னதாகவே கண்டிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. கிடைக்குமிடத்தில், அதற்குக் கதிர்வீச்சுத் தோஷம் இல்லையாதலால், ஸ்கேனைக் குறைப்பதற்கான காரணங்களில் பெரியதொன்று போய்விடுகிறது. செலவும், இயந்திரத்தின் முன் காத்து நிற்கும் வரிசையுமே மிச்சம். அவையும் காரணங்களே, ஆனால் அவற்றை அவற்றின் சொந்தப் பெயரால் அழைக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறைக்கு வருகிறேன். இந்தச் சோதனைகளில் எல்லாம் எண்ணப்பட்டவர்கள், பெரும்பாலும் சொன்ன நாளில் வந்தவர்கள். சொன்ன நாளில் வருவது யாருக்கு எளிது? நோய் தாக்கும் வயதோ பதினைந்திலிருந்து நாற்பது. படிப்பை முடித்து வேலை தேடுகிற வயது. ஊர்விட்டு ஊர் மாறுகிற வயது. கல்யாணமாகிப் பிள்ளை பெறுகிற வயது. தன் உடம்புக்கு ஒன்றும் வராது என்று நம்புகிற வயதும் அதுவே. காயம் ஆறி, உடம்பில் எந்த நோவும் இல்லாமல், கண்ணாடியில் பழைய உருவமே தெரிகிறபோது, எட்டாவது மாதத்து ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று அவனை எழுப்புவது எது? வலி எழுப்பாது, பயமும் நாளடைவில் மங்கிவிடும். இதோடு வெட்கமும் சேருகிறது. அந்த உறுப்பின் பெயரைச் சபையில் சொல்ல நம் மொழி கூசுவது போலவே மற்ற மொழிகளும் கூசுகின்றன. எதற்காக விடுப்பு என்று மேலதிகாரி கேட்டால் சொல்ல வாய் வராமல், போகாமலே இருந்துவிடுகிறவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு.

மருந்து ஒருமுறை உடம்புக்குள் சென்றுவிட்டால், நோயாளி மறந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். கண்காணிப்புக்கு அந்தக் குணம் இல்லை. மறந்த கணத்திலேயே அது இல்லாமற் போகிறது. ஆனால் இருப்பது போன்ற ஒரு நிழல், நோயாளியின் மனத்திலும் மருத்துவமனையின் ஏட்டிலும் தங்கிவிடுகிறது. அந்தச் சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது என்பேன். யாரோ எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தை அது தருகிறது. நிஜத்தில் வருஷத்தில் சில நாள்கள்தான் யாரும் பார்க்கிறார்கள். வராதவனை யார் தேடுகிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு மருத்துவமனையின் கண்காணிப்பை எடைபோடவேண்டும். டென்மார்க்கைப் போலப் பொது மருத்துவமனைகளும் முறையான பதிவேடும் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண்ணும் உள்ள தேசத்தில் இவ்வழக்கம் செழித்தது தற்செயலானதன்று. தவறிய நாளுக்கு மறுநாளே கடிதம் எழுதவும், கடிதத்துக்குப் பதிலில்லாவிட்டால் தொலைபேசியில் கூப்பிடவும் ஒரு செவிலியை நியமித்திருக்கும் இடத்தில், குழாய்க்குள் அணு நுழைந்தவனைக்கூடத் துணிந்து காத்திருக்கச் சொல்லலாம். அத்தகைய ஆள் இல்லாத இடத்தில், நூற்றுக்குப் பதினைந்து என்ற அபாயம்கூட எனக்குப் பெரியதாகவே படுகிறது. முதல் இரண்டாண்டுகளுக்குள்ளேதான் பெரும்பாலான நோய்கள் திரும்புகின்றன என்பதால், அந்தச் செவிலியின் உழைப்பு முழுவதும் தேவைப்படுவது ஒவ்வொருவருக்கும் இருபத்துநான்கே மாதங்கள். அவ்வளவையும் செய்ய முடியாது என்று சொல்லும் நிறுவனம் கண்காணிப்பை முன்வைக்க உரிமையற்றது.

வருகிறவன் படும் பாட்டையும் சொல்லவேண்டும். ஸ்கேன் நாள் நெருங்க நெருங்க உறக்கம் போவதும், முதுகில் ஒரு பிடிப்பு வந்தாலும் கணு வீங்கிவிட்டதோ என்று நடுங்குவதும், முடிவு வந்ததும் மூன்று மாதம் உயிர்ப்பிச்சை பெற்றவன் போல் மூச்சுவிடுவதும், பிறகு மீண்டும் நாள் எண்ணுவதும் இந்தப் பாதையின் உண்மையான விலை. ரத்தத்தில் ஒரு குறி சிறிது ஏறினால் போதும், வீடே கலங்கிவிடும்; ஈரல் கோளாறினாலும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் ஏறும், ஆண்மைச் சுரப்பு குறைந்தவர்களிடம் எச்.சி.ஜி. பொய்யாக ஏறியது போல் தோன்றும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? இந்த விலை எந்தச் சோதனையின் அட்டவணையிலும் முழுதாக எழுதப்பட்டதில்லை. சிலருக்கு அது ஒரு சுற்று மருந்தைவிடக் கனமானது; அவர்கள் மருந்தைக் கேட்டால் கோழைகள் என்று எண்ணக் கூடாது.

ரத்தத்தில் மிதக்கும் நுண் ஆர்.என்.ஏ. ஒன்றை, 371 என்ற எண்ணால் குறிக்கப்படுவதை, அளந்து பார்த்தால் இரு வகைப் புற்றையும் பழைய குறிகளைவிட முன்னதாகக் காணலாம் என்று இப்போது ஆராய்ந்து வருகிறார்கள். ஊமையான செமினோமாவுக்கு வாய் கிடைத்தால் அது பெரும் பாக்கியமே. ஆனால் டெரட்டோமா எனப்படும் முதிர்ந்த திசுக்கட்டி அந்தச் சோதனைக்கும் அகப்படுவதில்லை. கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்காத அதைக் கத்தியால்தான் நீக்கவேண்டியிருக்கிறது. ஸ்கேன் முற்றிலும் ஓய்வு பெறும் காலம் இன்னும் வரவில்லை.

ஐந்தாம் ஆண்டின் முடிவில் பெரும்பாலான மருத்துவமனைகள் கோப்பை மூடிவிடுகின்றன. அன்றைக்கு அவனிடம் சொல்லவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. அவசரத்தில் அது சொல்லப்படாமலே போவதும் உண்டு. ஒரு விரையில் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு இருவர் அளவில், பின்னொரு காலத்தில் மற்ற விரையிலும் புதிதாகப் புற்று தோன்றுகிறது. அது பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும் வரலாம். அதைப் பார்க்க அட்டவணை இல்லை, கடிதம் எழுதும் செவிலியும் இல்லை. மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்து முடித்து, பை தளர்ந்திருக்கும் வேளையில், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார்த்து, நேற்றில்லாத கெட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அவனே கவனிக்கவேண்டும்.